பிளேட் இல்லாத கால்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கண்ணால் பார்த்தால் போதவில்லை. படம் எடுக்க வேண்டும். தட்டில் சோறு விழுந்தால் படம், வீட்டில் இழவு விழுந்தால் படம். ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் அவனைத் தூக்க இரண்டு கை வரும், போனைத் தூக்க இருபது கை வரும். அதே ஆட்களிடம் எதிர்வீட்டுக்காரன் மூக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள், முழிப்பார்கள். நான் முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்தேன். ஒருவனை ஒரு தடவை பார்த்தால் பத்து வருடம் கழித்துச் சந்தைக் கூட்டத்தில் அவன் முதுகை வைத்தே பிடிப்பேன். இப்போது முகம் எவனுக்கு வேண்டும்? அட்டையில் நம்பர் இருந்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பவானி கொண்டுவந்ததும் ஒரு படம்தான்.

தேனி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெபஷீலாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் உட்காருவது அங்கேதான். காணாமல் போன ஆள், காணாமல் போன பத்திரம், மாப்பிள்ளையின் யோக்கியதை என்று ஈஸ்வரபாண்டி ஏட்டைத் தேடி வருகிறவர்கள் அங்கே வருவார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்து வேலையும் வண்டி ஓட்டுவதும் ஜெபஷீலா. அவளுக்கு நாற்பது வயது. கடைக்கு ஞாயிறு விடுமுறை உண்டு, அவள் வாய்க்குக் கிடையாது.

பவானி மேசையில் படத்தை விரித்தாள். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு முழு எலும்புக்கூடு. அங்கங்கே மை கொட்டியது போலக் கறுப்பு.

“யாரு இது?” என்றேன்.

“அதைத்தான் சார் நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்.”

“ஏட்டையா, இத்தனை நாள் மூஞ்சியைக் குடுத்து ஆளைக் கேட்டாக. இப்பத் தோலை உரிச்சுட்டுக் கேக்குறாக,” என்றாள் ஜெபஷீலா.

பவானி சிரிக்கவில்லை. அவளுக்குச் சொந்த ஊர் தேனிதான். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த எலும்பு ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. சொல்லச் சொல்ல அவள் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

“புளோரைடுல கதிர்வீச்சு ஏத்தி ஊசியாப் போடுவோம் சார். ரத்தத்தோட போயி, எந்த எலும்புல வேலை அதிகமா நடக்குதோ அங்கன ஒட்டிக்கிடும். தேய்மானம், முறிவு, கட்டி எதுன்னாலும் அந்த இடம் கறுப்பாத் தெரியும். அந்த மருந்து வெளியூர்ல இருந்து கார்ல வரணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள அதுல பாதி தானா அழிஞ்சிரும்.”

“பாதி அழிஞ்ச மருந்தை நம்பியா ஆளை அளக்குறீக?”

“ஏட்டையா, அவ சொல்லி முடிக்கட்டும். நீங்களும்தான் பாதி அழிஞ்சுட்டீக, நம்பித்தானே வந்திருக்கா?”

போன செவ்வாய்க்கிழமை மருந்துக் கார் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டதாம். ஏழு பேர் காத்திருக்க, மருந்து நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டிருக்க, பவானி அவசர அவசரமாக ஊசி போட்டிருக்கிறாள். அட்டை நம்பரைப் பார்த்தாள், பெயரைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் வாயில் மாஸ்க். முகத்தைப் பார்க்கவில்லை.

“படம் வந்த பிறகுதான் டாக்டர் பார்த்தாக. நடு முதுகுல இந்த எலும்பு அரிச்சுப்போயிருக்கு. கட்டியா, காசநோயான்னு சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். எதுன்னாலும் உடனே வைத்தியம் பார்த்தாக் காப்பாத்தலாம். விட்டா, எலும்பு நொறுங்கி நரம்பை அமுக்கிரும். ரெண்டு காலும் போயிரும் சார். பாரம் தூக்கவே கூடாது.”

“அட்டையில பேரு இருக்குமே?”

“ராமுத்தாய், வயசு ஐம்பத்து மூணு, மார்க்கையன்கோட்டை. போன் பண்ணி, பழைய பதிவுல இருக்கிற பிளேட்டைப் பத்திக் கேட்டேன். ‘நான் எந்த ஸ்கேனுக்கும் வரலையே தாயி’ன்னு வச்சுட்டாக. பழைய பதிவுலதான் சிக்கல். இதே காப்பீட்டு அட்டையில மூணு வருசத்துக்கு முன்னாடி வலது முழங்காலுக்குக் கீழே முறிவுக்கு பிளேட் வச்சிருக்கு. ஆனா இந்தப் படத்துல பிளேட்டே இல்லை.”

ஜெபஷீலா மெல்ல விசிலடித்தாள். “அப்ப ராமுத்தாய் அட்டையில வேற எவளோ வந்து படுத்திருக்கா.”

“ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்காக. திங்கட்கிழமை போலீஸ்ல புகார் குடுப்பாக. போலீஸ் போனா அந்தப் பொம்பளை ஓடி ஒளிஞ்சிரும். அதுக்குள்ள அந்த முதுகு உடைஞ்சிரும். நான் ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்திருந்தா…”

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்கு அழுகிறவர்களைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் இவள் வேலை போகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் படத்தைக் கையில் எடுத்தேன்.

முதுகில் இருந்த பெரிய கறுப்பை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு. இரண்டு தோளிலும் கறுப்பு. வலதைவிட இடது தோள் இரண்டு மடங்கு.

“இது என்ன?”

“வயசுத் தேய்மானம்னு டாக்டர் சொன்னாக சார்.”

“வயசு ரெண்டு தோளுக்கும் ஒண்ணுதானே? இடதுக்கு மட்டும் அதிகமா எப்படி வயசாகும்?” எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு விரலால் கத்தரிப்பது போலக் காட்டினேன். “ஷீலா, இப்படி நின்னு வேலை பார்க்கிறவ யாரு?”

“திராட்சைப் பந்தல்.”

“பொழுதன்னைக்கும் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்னு கவாத்து வெட்டுறவ கழுத்தும் தோளும் இது. அதுலயும் இடக்கைக்காரி. வண்டியை எடு.”

மார்க்கையன்கோட்டையில் ராமுத்தாய் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. சிமெண்ட் ஓடு போட்ட இரண்டு அறை வீடு. உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி தரையில் குத்தவைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். தரையில் இருந்தவள்தான் ராமுத்தாய். நாற்காலியில் இருந்தவள் அவள் நாத்தனார் முனீஸ்வரி, புருசன் செத்த பிறகு இங்கேயே தங்கிவிட்டவள்.

என்னைப் பார்த்ததும் ராமுத்தாய் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்து வலது கையால் நீட்டினாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். இவள் இல்லை.

“ஆத்தா, உன் காப்பீட்டு அட்டையை யாருக்குக் குடுத்த?”

“யாருக்கும் குடுக்கலையே. பொட்டியில கிடக்கு.”

“செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போனியா?”

“மதுரையை நான் என்னத்தைக் கண்டேன்?”

“உனக்குக் கால்ல பிளேட் வச்சிருக்காமே?”

கண் ஒரு நொடி முனீஸ்வரி பக்கம் போய் வந்தது. “ஆமா, வச்சிருக்கு. ஜீப்புல இருந்து விழுந்தேன். ஊரே சொல்லும்.”

“ஊர் சொல்றது இருக்கட்டும். தழும்பு எங்க?” என்றாள் ஜெபஷீலா.

“ஏத்தா, காலைக் காட்டுன்னு சொல்லி ஆம்பளையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?”

“ஏட்டையா திரும்பி நிப்பாரு. அவருக்குத் திரும்பி நின்னாலும் ஒண்ணுதான், நேரா நின்னாலும் ஒண்ணுதான். கண்ணாடியைக் கடையிலயே வச்சுட்டு வந்துட்டாரு.”

ராமுத்தாய் சிரிக்கவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி. “திராட்சை அறுப்பு. ஓடைப்பட்டிக்குப் போகணும். லாரி வந்து நிக்கும்,” என்று சொல்லிக்கொண்டே அவள் கிளம்பினாள். முனீஸ்வரியும் கிளம்பினாள். போகும்போது அவள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பொய்,” என்றாள் ஜெபஷீலா.

“பொய்தான். எதுல பொய்ங்கிறதுதான் கேள்வி. அட்டையை முகம் தெரியாதவளுக்கு எவளும் குடுக்க மாட்டா. கூட வேலை பார்க்கிறவளுக்குத்தான் குடுத்திருப்பா. இவ கூட்டத்துல இடக்கைக்காரி யாருன்னு பார்த்துட்டா முடிஞ்சது.”

ஓடைப்பட்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பந்தலுக்குக் கீழே மட்டும் பச்சை நிழல். குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. முப்பது பெண்கள் அண்ணாந்தபடி குலை குலையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் இலைக்குள் இருந்தது. எனக்கு முகம் வேண்டாம், கை போதும். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். வலது, வலது, வலது. கடைசி வரிசை வரைக்கும் வலதுதான்.

“ஏட்டையா, என்ன ஓட்டுக் கேக்க வந்த மாதிரி ஒவ்வொருத்தி கையா பார்த்துக்கிட்டு வாரீக?”

கேட்டவன் பால்பாண்டி. அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. ஒரு காலத்தில் நான் பிடித்து, பிறகு நானே விட்டவன். அதனால் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

“உன் ஆள்ல இடக்கையில வெட்டுறவ எத்தனை பேருடா?”

“ஒரே ஒரு ஆளுதான். அவ கத்தரியை வேற எவளும் தொடமாட்டா, எதிர்ப்பக்கமா சாணை பிடிச்சது. நம்ம ராமுத்தாயி.”



“மோரை வலது கையிலதானே குடுத்தா?” என்றாள் ஜெபஷீலா.

“வீட்டுக்கு வந்த ஆளுக்கு எவளாவது இடது கையில குடுப்பாளா? நான்தான் மடையன்.”

“அப்பப் படத்துல இருக்கிறது ராமுத்தாய் எலும்பேதானா? பிளேட் எங்க போச்சு? கரைஞ்சு போச்சா?”

பந்தல் ஓரத்தில் நாலைந்து பெண்கள் குலைகளைக் கொட்டி வைத்து அழுகல் பழத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் குத்தவைத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டியிருந்தாள். முனீஸ்வரி.

காலையிலும் இவள்தான் நாற்காலி. ராமுத்தாய்தான் தரையில் குத்தவைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரும்பு வைத்தவள் யார் என்று அப்போதே கண் சொல்லியிருக்கிறது, நான்தான் காகிதத்தைக் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்காரங்க தலைகீழா எழுதிட்டாக, ஷீலா. இப்ப வந்தவ கள்ளி இல்லை. அப்ப வந்தவதான் வேற ஆளு. மூணு வருசத்துக்கு முன்னாடி ராமுத்தாய் அட்டையில படுத்து பிளேட் வச்சுக்கிட்டது அந்தா உக்காந்திருக்காளே, அவ. செவ்வாய்க்கிழமை போனது அசல் ராமுத்தாயேதான்.” பால்பாண்டி பக்கம் திரும்பினேன். “ராமுத்தாய் எங்கடா? வெட்டுற கூட்டத்துல இல்லையே?”

“இன்னைக்கு ஏத்துக்கூலி ஆளு ரெண்டு பேர் வரலை. அவ தெம்பான பொம்பளை. லாரிக்குப் பெட்டி தூக்க விட்டிருக்கேன்.”

எழுபத்தொரு வயதில் நான் ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. ராமுத்தாய் தலையில் சும்மாடு, அதன் மேல் நிறைத்த பெட்டி. லாரிக்கும் குவியலுக்கும் நடுவில் வந்துகொண்டிருந்தாள்.

“ராமுத்தாயி! அப்படியே நில்லு!”

அவள் நின்றாள். பெட்டி ஆடியது. ஜெபஷீலா பின்பக்கமாகப் போய் இரண்டு கையாலும் பெட்டியைத் தாங்கினாள். பால்பாண்டி வந்து இறக்கினான். ராமுத்தாய்க்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. குரலைத் தணித்து, “ஐயா, இங்கன வச்சு எதுவும் கேக்காதீக. ஆளுக பாக்குறாக,” என்றாள்.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறும் கால். வெயிலில் கொதிக்கிற சரளைக்கல் தரை. இருபதடி பின்னால் குவியல் பக்கத்துச் சேற்றில் அந்த இன்னொரு செருப்பு பதிந்து கிடந்தது.

“ஏத்தா, ஒரு செருப்பு எங்க?”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வேறு யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“விழுந்தது தெரியலையே ஐயா.”

“கல்லு சுடலையா?”

“ரெண்டு நாளா அந்தப் பாதம் மரத்துப்போயிக் கிடக்கு. தைலம் தேய்ச்சேன்.”

ஜெபஷீலா அதற்குள் பவானிக்குப் போன் போட்டுவிட்டாள். நான் வாங்கிச் சொன்னேன். “திங்கட்கிழமை இல்லை சார். இன்னைக்கே, இப்பவே கூட்டியாங்க. உக்கார வைக்காதீக, நடக்க விடாதீக. பலகையில மல்லாக்கப் படுக்க வச்சு 108 வண்டியில ஏத்துங்க. நான் டாக்டருக்குச் சொல்றேன்,” என்றாள்.

லாரியின் பக்கப்பலகையைக் கழற்றிக் கீழே போட்டோம். ராமுத்தாய் படுக்க மாட்டேன் என்றாள்.

“நான் வரலை. வந்தா அந்தப் பழைய விசயம் வெளியே வந்திரும்.”

“வந்தா என்ன? கேஸுக்குப் பயமா?”

“கேஸ் கிடக்கு. அட்டைக்கு எழுதிக் குடுக்கிற ஆளு சொன்னாரு, அடுத்தவ அட்டையில வச்சதைக் கண்டுபிடிச்சா அறுத்துத் திரும்ப எடுத்துக்கிடுவாகளாம். அவ கால்ல இருக்கிறதை எடுத்துட்டா அவ எப்படி நடப்பா? அந்தப் பொண்ணு போன்ல பிளேட்டைப் பத்திக் கேட்ட உடனேயே எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. அதான் ஸ்கேனுக்கே வரலைன்னுட்டேன்.”



நான் போனில் கேட்டேன். “எடுப்பாகளா?”

“பிளேட்டையா? யாரும் எடுக்க மாட்டாக சார், சத்தியமா.”

“கேஸ்?”

“அது எனக்குத் தெரியாது சார்.”

தெரியாது என்று சொன்னாள் பாருங்கள், அதற்காகத்தான் அவளை நம்பினேன். ராமுத்தாயிடம் அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். படுக்கவில்லை.

பின்னால் சரளையில் ஒரு கால் இழுபடுகிற சத்தம். முனீஸ்வரி வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

“இதுக்காகவா மதினி போனை வச்ச?”

“நீ போ அங்கிட்டு.”

“ஒழுங்காப் படு. இல்ல, எல்லார் முன்னாடியும் உன்னைத் தூக்கிப் படுக்க வைப்பேன். எனக்குக் கால்லதான் இரும்பு, கையில இல்லை.”

ராமுத்தாய் படுத்தாள்.

சின்னமனூரிலிருந்து 108 வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் முனீஸ்வரி அவள் வலது பாதத்தைக் கிள்ளிக் கிள்ளி, “தெரியுதா? இங்க? இங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் எல்லாவற்றுக்கும் ‘தெரியுது’ என்றாள். முனீஸ்வரி பாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டபோதும், ‘தெரியுது’ என்றாள். அதன் பிறகு முனீஸ்வரி கேட்கவில்லை.

வண்டியில் வந்தவர் தாளையும் பேனாவையும் எடுத்தார். “பேரு? காப்பீட்டு அட்டை இருக்கா?”

ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். முனீஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

“அட்டை இவ பேருல இருக்கு. இவதான் ராமுத்தாய். மூணு வருசத்துக்கு முன்னாடி அந்த அட்டையில பிளேட் வச்சுக்கிட்டது நான். கேரளாவுல ஏலக்காய்த் தோட்டத்து வேலையில கிடந்ததால ரேசன் அட்டையில என் பேரை வெட்டிட்டாக, அதனால எனக்குக் காப்பீட்டு அட்டை இல்லை. என் பேரு முனீஸ்வரி. எழுதிக்கோங்க.”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. நோயாளி பேரும் வயசும் போதும்.”

“இல்லை, எழுதுங்க. இவ படுத்துக்கிட்டு இருக்கும்போதே எழுதுங்க. அப்பத்தான் இவ எந்திரிச்சு ஓட மாட்டா.”

அவர் எங்களைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தாளின் ஓரத்தில் எதையோ எழுதினார். முனீஸ்வரி வலது காலைக் கையால் தூக்கி வைத்து வண்டிக்குள் ஏறினாள். கதவு சாத்தும்போது ராமுத்தாயின் இடது கை அவள் சேலையைப் பிடித்திருந்தது.

வண்டி புழுதிக்குள் மறைந்தது. பால்பாண்டி ஆட்களை அதட்டி வேலைக்கு அனுப்பினான். ஜெபஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடி ஆனாள்.

“என்ன ஏட்டையா, இப்பவாவது ஒத்துக்கிடுவீகளா? பாதி அழிஞ்ச மருந்து முழு உண்மையைச் சொல்லிருச்சு.”

“என்ன சொல்லுச்சு? தோள் கறுப்பா இருக்குன்னு சொல்லுச்சு. பந்தலைச் சொன்னது நான். பிளேட் இல்லைன்னு காட்டுச்சு, உடனே படத்துல இருக்கிறவளைக் கள்ளின்னு எழுதிட்டாக.”

“முதுகைச் சொல்லுச்சே?”

“அதைச் செருப்பும் சொல்லுச்சு.”

“மனுசனா நீங்க! அந்தப் படம் இல்லைன்னா நீங்க இன்னைக்கு இந்தப் பக்கம் வந்திருப்பீகளா? அவ இந்நேரம் நாப்பதாவது பெட்டி தூக்கிக்கிட்டு இருப்பா.”

அவள் சொன்னது சரி என்பதற்காக ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. மதுரையில் அவளுக்குக் கால் திரும்புமா, ஆபீஸ்காரர்கள் அந்தத் தாளின் ஓரத்தைப் படித்துவிட்டு முனீஸ்வரியை என்ன செய்வார்கள், எனக்குத் தெரியாது. சதை எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி ஒரு படம் எடுப்பார்கள், மறுபடி ஒரு கார் எங்கேயாவது டயர் வெடித்து நிற்கும்.

“வண்டியில ஏறுங்க, வெயில் கொளுத்துது,” என்றாள்.

“நீ போ. நான் பஸ்சுக்குப் போறேன்.”

“பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு கிலோமீட்டர்!”

ஆளின் முகத்தைப் பார்க்காமல் எலும்பைப் பார்க்கிற வேலையில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. படத்தைச் சுருட்டி அவள் வண்டியின் முன்கூடையில் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன்.